கண்ணாடிக்குள் ஒரு பாலம்

ஒரே பொருளை ஆயிரக்கணக்கில் சேர்த்து வைப்பவர்களிடம் எனக்கு ஓர் அவநம்பிக்கை உண்டு. வீடு நிறையப் புத்தகம் வைத்திருப்பவரிடம், இதில் எத்தனை படித்தீர்கள் என்று கேட்க நாக்கு துடிக்கும். பிராக் நகரத்தில் நாரோத்னி தெருவிலுள்ள லெகோ காட்சிசாலைக்குள் அந்த அவநம்பிக்கையோடுதான் நுழைந்தேன். தனி மனிதர் ஒருவர் ஆசையாகச் சேர்த்தது இது. 2011இல் பொது ஜனங்களுக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். கின்னஸ் புத்தகத்திலும் ஏறிய சேகரிப்பு என்கிறார்கள். ஏறட்டும். கணக்கெடுப்பது வேறு, மதிப்பிடுவது வேறு.

லெகோ என்பது என்ன என்று குழந்தைகள் உள்ள வீடுகளில் சொல்ல வேண்டியதில்லை. டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932இல் மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார். பிளாஸ்டிக் கட்டை 1949இல் வந்தது. அதற்கு முன்மாதிரி ஹிலரி பேஜ் என்ற ஆங்கிலேயர் செய்த கட்டை. மேலே குமிழ், உள்ளே வெற்றிடம். அடுக்கினால் நிற்கும், ஆனால் சுலபத்தில் கழன்றுவிடும். 1958 ஜனவரியில் தச்சரின் மகன் கட்டையின் அடியில் குழாய்களை வைத்துக் காப்புரிமை கேட்டார். விஷயம் முழுவதும் அந்தக் குழாயில்தான் இருக்கிறது. கீழ்க் கட்டையின் குமிழை மேல்க் கட்டையின் குழாய் இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் ஒரு குழந்தை இழுத்தால் விட்டும்விடுகிறது. பிடிப்பதும் விடுவதும் ஒரே அளவில் அமைந்ததுதான் அந்தக் கண்டுபிடிப்பு. அந்த வருஷத்து அமைப்பில் வந்த கட்டை இன்று வாங்கிய கட்டையோடும் பொருந்தும்.

எட்டுக் குமிழ் உள்ள, ஒரே நிறக் கட்டைகள் ஆறை எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டிருக்கிறார்: 91,51,03,765 விதம். ஆறே ஆறு கட்டைக்கு இத்தனை! இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. கோடிக்கணக்கான சாத்தியங்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்து, மற்றவற்றையெல்லாம் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

அதிலும் பெரும்பாலானவை கட்டியவர் தேர்ந்ததுகூட அல்ல. கம்பெனி பெட்டியில் போட்டு, எந்தக் கட்டைக்கு மேல் எது என்று படம் வரைந்து கொடுத்தது. விண்வெளிக் கப்பல்கள், கோட்டைகள், சினிமாவில் வந்த வாகனங்கள், எல்லாம் இந்த ரகம். நம் தாஜ்மகாலும் இந்த ரகம்தான். 2008இல் வெளிவந்தபோது 5,922 துண்டுகள் கொண்ட பெரிய பெட்டி அது. யார் கட்டினாலும் அதே தாஜ்மகால்தான் வரும். சங்கீத வித்வானும் பிறர் செய்த கீர்த்தனையைத்தானே பாடுகிறார் என்று கேட்கலாம். ஆனால் அவர் ஒரு சங்கதியை மாற்றிப் போடலாம், நிரவலுக்கு நிற்கலாம். இந்தப் படத்தில் நிரவலுக்கு இடமில்லை. மாற்றினால் கடைசியில் ஒரு துண்டு மிஞ்சும். அசல் தாஜ்மகாலின் வெள்ளை காலையில் ஒன்று, நிலவில் ஒன்று. பிளாஸ்டிக்கின் வெள்ளை எப்போதும் ஒரே வெள்ளை. வெயில் பட்டால் அதுவும் மஞ்சளித்துப் போகிறது என்பது வேறு.

ஆனால் சார்லஸ் பாலத்தின் முன்னால் நின்றபோது என் அபிப்பிராயம் கொஞ்சம் நெகிழ்ந்தது. நாலாம் சார்லஸ் 1357இல் அஸ்திவாரம் போட்ட அந்தக் கல்பாலம் காட்சிசாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. பதினாறு வளைவு, ஐந்நூறு மீட்டருக்கு மேல் நீளம், இரு பக்கமும் முப்பது சிலைகள். இந்த மாதிரி பெட்டியில் வந்ததல்ல, யோசித்துக் கட்டியது. மூலைகளே உடைய ஒரு பொருளை வைத்துக்கொண்டு வளைவைச் சொல்ல வேண்டும். அந்தச் சிலைகளின் அங்கியில் காற்று புகுந்து பறப்பதுபோல் மடிப்பு மடிப்பாக இருக்கும்; அது கட்டையால் ஆகாது. ஆகாது என்று ஒப்புக்கொண்டு, சிலைகள் இடைவெளி விட்டு நிற்கும் தாளத்தையும், பாலத்தின் மேல் நெருங்கும் ஜனக்கூட்டத்தையும் மட்டும் பிடித்திருக்கிறார்கள். எதை விடுவது என்று ஒருவர் தீர்மானித்திருக்கிறார். கலை அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன். மற்ற பெட்டிகளில் நான் தேடிக் கிடைக்காத மனிதர் இங்கே கிடைத்தார்.

இந்தப் பாலத்தைப் பார்த்துவிட்டு அசல் பாலத்துக்குப் போகிறவர்கள் ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். அங்கே பல சிலைகள் இன்று நகல்கள். மழைக்கும் புகைக்கும் அஞ்சி அசல்களைக் காட்சிசாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் 1683இல் வைத்த நெபோமுக் ஞானியின் சிலைக்குக் கீழே உள்ள வெண்கலப் பலகையைப் போகிறவர் வருகிறவரெல்லாம் தொடுகிறார்கள். தொட்டால் அதிர்ஷ்டமாம். தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் பொன்போல் பளபளக்கிறது. தொடுவதற்கென்று செய்யாத வெண்கலத்தைக் கை தேய்க்கிறது. தொடுவதற்கென்றே செய்த கட்டைக்குக் கண்ணாடி போட்டிருக்கிறது.

சேர்த்தவர்மேல் எனக்குப் புகார் இல்லை. தன் வீட்டில் வைத்துக்கொண்டு தானே ரசித்திருக்கலாம். ஊருக்குத் திறந்துவிட்டது பெரிய மனசு. குழந்தைகள் கட்டி விளையாட ஓர் இடமும் உண்டு, அங்கேதான் சத்தம் அதிகம். ஆனால் எல்லாவற்றையும் வைக்க வேண்டும் என்ற ஆசை நல்லதை மறைத்துவிடுகிறது. பாதிப் பெட்டிகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பாலத்தின் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, ஆறு கட்டைகளை மட்டும் வைத்திருந்தால், நான் இன்னும் ஒரு மணி நேரம் அங்கே இருந்திருப்பேன்.