பேசாத படகோட்டி: தூண்டில் இலக்கியம் பற்றிய ஓர் ஆய்வு

ஆங்கிலத்தில் தூண்டிலைப் பற்றி எழுந்த நூல்கள் ஒரு தனி இலக்கிய மரபாகவே வளர்ந்துள்ளன. தூண்டிற்கலை பற்றிய ஆங்கிலச் சிறு நூல் ஒன்று 1496இலேயே அச்சேறியது. 1653இல் ஐசக் வால்டன் எழுதிய ‘த கம்ப்ளீட் ஆங்லர்’ அவர் வாழ்நாளிலேயே ஐந்து பதிப்புகளைக் கண்டது. உள்நாட்டுப் போரில் நாடு சிதைந்து கிடந்த காலத்தில், ஆற்றங்கரையில் அமர்ந்து உரையாடும் அமைதியான மனிதர்களைப் படைத்துக் காட்டிய நூல் அது. அதன் வழியில் வந்த நூல்களை நம் ஆசிரியர்கள் இரு வகையாகப் பார்ப்பதுண்டு. ‘செல்வர் பொழுதுபோக்கு, இதில் இலக்கியம் ஏது?’ என்று தள்ளிவிடுவோர் ஒரு சாரார். ‘இயற்கை ஈடுபாட்டின் உச்சம்’ எனத் தலைமேல் வைப்போர் மற்றொரு சாரார். நூல்களைப் படித்தபின் எழுந்த முடிவுகளாக இவ்விரண்டும் தோன்றவில்லை. இம்மரபின் ஒரு கிளையையேனும் எடுத்து, அதில் யார் பேசுகிறார், யார் பேசாதிருக்கிறார் என்று பார்த்தால் வேறொரு முடிவு கிடைக்கும்.

அதற்குத் தக்க கிளை, ‘போன்ஃபிஷ்’ என்னும் மீனைப் பற்றியது. முள் மிகுதியால் இப்பெயர் பெற்ற இம்மீன், வெப்பக் கடல்களில் முழங்கால் அளவே நீர் நிற்கும் மணல்வெளிகளுக்கு ஓதத்தோடு ஏறி வந்து, தலையைக் கவிழ்த்து மணலைக் கிளறி, நண்டையும் இறாலையும் தொண்டையிலுள்ள தட்டையான பற்களால் நொறுக்கி உண்ணும். அப்போது வால் மட்டும் நீருக்கு மேலே தெரியும். உடலோ கண்ணாடிபோலச் சுற்றியுள்ள நிறத்தையே திருப்பிக் காட்டும். எனவே இதைப் பிடிக்க முனைபவன் முதலில் இதைக் காண வேண்டும். ஆற்றிலோ ஆழ்கடலிலோ தூண்டிலிடுபவன் காணாத மீனுக்காகக் காத்திருக்கிறான். இவனோ கண்டபின்னரே கயிற்றை வீசுகிறான். பகாமாத் தீவுகள், புளோரிடாவின் தென்கோடித் தீவுகள், சீஷெல்ஸ், பசிபிக்கின் கிரிட்டிமாட்டி என உலகெங்கும் இம்மீனைத் தேடிச் செல்வோர் உளர். பகாமா நாட்டின் பத்துக் காசு நாணயத்தில் இம்மீன் இரண்டு பொறிக்கப்பட்டுள்ளது என்பதிலிருந்தே அங்கு அதற்குள்ள மதிப்பு விளங்கும்.

மீனைக் காணுதல் என்ற இந்தக் கட்டாயந்தான் எழுத்தாளரை இம்மீனிடம் ஈர்த்தது எனலாம். வெயில், காற்று, மேகநிழல், மணலின் நிறம், நாணல் போன்ற கடற்புல் அசைவு ஆகியவற்றை நுணுகி நோக்காதவனுக்கு இம்மீன் தெரியாது. நுணுகி நோக்குதல் எழுத்தாளன் தொழிலும் ஆகும். மேற்கு அமெரிக்கக் குதிரைவீரர் கதைகளால் பெரும்புகழ் பெற்ற ஸேன் கிரே, 1919இல் வெளியிட்ட ‘டேல்ஸ் ஆஃப் ஃபிஷஸ்’ நூலில் இம்மீனுக்குத் தனி இயல் ஒதுக்கினார். புளோரிடாவின் லாங் கீ தீவில் இருந்த மீன்பிடி முகாமே அவர் களம். 1935ஆம் ஆண்டுப் பெரும்புயல் அம்முகாமை அடித்துச் சென்றது. கிரேயின் கதைகளில் மிகையும் ஆரவாரமும் உண்டு. ஆயினும் இந்த இயலில் அவர் ஒரு மாணவனைப் போல எழுதுகிறார். அவருடைய நாவல்களைப் பெரிதாக மதியாதவரும் இப்பக்கங்களை மதிக்கக்கூடும்.

அக்காலத்தில் இம்மீனுக்கு நண்டு முதலிய உயிரிரையே இடப்பட்டது. இறகும் நூலும் கொண்டு கட்டிய பொய்யிரையை வீசி இதைப் பிடிக்கலாம் என்பது 1947இல் புளோரிடாவின் இஸ்லமொராடாவில் ஜோ புரூக்ஸ் என்னும் எழுத்தாளர் செய்து காட்டியபின்னரே பரவலாயிற்று. அன்று அவருக்குப் படகோட்டியாக இருந்தவர் ஜிம்மி ஆல்பிரைட். புரூக்ஸ் நூல்கள் பல எழுதிப் புகழ் பெற்றார். ஆல்பிரைட்டின் பெயரோ இன்று பெரும்பாலும் ஒரு முடிச்சின் பெயராக வழங்குகிறது: பருமன் வேறுபட்ட இரு கயிறுகளை இணைக்க அவர் கையாண்ட முடிச்சு ‘ஆல்பிரைட் முடிச்சு’ எனப்படும். எழுதியவன் பெயர் நூலிலும் ஓட்டியவன் பெயர் கயிற்றிலும் நின்றன! இம்மரபின் வரலாற்றையே இச்சிறு செய்தி சொல்லிவிடுகிறது.

இம்மீன்பிடியில் படகோட்டியின் பங்கு சிறிதன்று. அவன் பின்புறத்தில் நின்று நீண்ட கழியால் படகை ஓசையின்றித் தள்ளுகிறான். மீனை முதலிற் காண்பவன் பெரும்பாலும் அவனே. கண்டதும் கடிகார முள்ளைக் கொண்டு திசை சொல்கிறான்: படகின் மூக்கு பன்னிரண்டு மணி, இடப்புறம் சற்றே சாய்ந்தால் பதினொன்று. ‘பத்து மணி, நாற்பதடி, வீசு’ என்பதே அவன் பேச்சு. இத்துறை நூல்களிற் பலவற்றைப் படித்துச் செல்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். விருந்தினனுடைய ஐயம், அச்சம், நினைவு, தத்துவம் ஆகியவை பக்கம் பக்கமாக வருகின்றன; படகோட்டி வாய் திறக்குமிடத்திலோ எண்கள் மட்டுமே வருகின்றன. அவன் கழுகுக்கண் புகழப்படும்; புன்னகையும் புகழப்படும். அவன் வீட்டில் அன்றிரவு அடுப்பெரிந்ததா என்பது சொல்லப்படாது. காண்பதையே உயிராகக் கொண்ட ஓர் இலக்கியம், மூன்று முழம் தள்ளி நிற்பவனைக் காணத் தவறுவது அதன் முதன்மைக் குறை என்க.

இக்குறையைக் கடந்தவர் எவரும் இலரோ எனின், உளர். கடல் வேறு, மீன் வேறு ஆயினும், ஒப்பீட்டுக்கு ஹெமிங்வே இன்றியமையாதவர். 1952இல் வெளிவந்த ‘த ஓல்ட் மேன் அண்ட் த ஸீ’ குறுநாவலில் சான்டியாகோ என்னும் கியூபக் கிழவர் தமக்குத் தாமே படகோட்டி. விருந்தினர் எவரும் அப்படகில் இல்லை. பிடித்த சிறு மீனைப் பச்சையாகத் தின்றே அவர் பெருமீனோடு போரிடுகிறார். மீனிடம் அவர் கொள்ளும் அன்பு நம்பத்தக்கதாவது இப்பசியினால்தான். அவர் மறைவுக்குப்பின் 1970இல் வந்த ‘ஐலண்ட்ஸ் இன் த ஸ்ட்ரீம்’ நாவலின் பிமினிப் பகுதியிலும் ஒரு நெடும்போர் உண்டு. ஓவியர் தாமஸ் ஹட்சனின் மகன் டேவிட் என்னும் சிறுவன், பெரிய வாள்மீன் ஒன்றோடு பல மணி நேரம் போராடி இறுதியில் இழக்கிறான். சிறந்த பகுதிதான்; ஆயினும் சுற்றி நின்று ஊக்குவோரும் நீரும் மருந்தும் தருவோரும் நிறைந்த படகு அது. கிழவரின் தனிமையோடு ஒப்பிட்டால் இது ஒரு தேர்வு மட்டுமே, அதுவோ வாழ்வு. ஒரே ஆசிரியர் கையிலேயே இவ்வேறுபாடு புலப்படுவது மாணவர் கருதத்தக்கது.

ஆழமற்ற கடலுக்கே உரிய நாவலை எழுதியவர் தாமஸ் மெக்குவேன். 1973இல் வெளிவந்த அவருடைய ‘நைன்டி டூ இன் த ஷேட்’ கீ வெஸ்ட் தீவில் நிகழ்கிறது. பழைய விமானத்தின் உடற்கூட்டில் குடியிருக்கும் தாமஸ் ஸ்கெல்டன் என்னும் இளைஞன் மீன்பிடிப் படகோட்டியாக வேண்டும் என்று மட்டுமே விரும்புகிறான். அத்தொழிலில் மூத்தவனான நிக்கல் டான்ஸ் அவனிடம் ஒரு பொல்லாத விளையாட்டு விளையாட, ஸ்கெல்டன் டான்ஸின் படகை எரித்துவிடுகிறான். ‘நீ தொழிலுக்கு வந்தால் சுடுவேன்’ என்கிறான் டான்ஸ். ஸ்கெல்டன் தொழிலுக்கு வருகிறான்; டான்ஸ் சுடுகிறான். கதை இவ்வளவே.

எளிய கதை என்று இதை ஒதுக்குதல் தவறு. படகோட்டியைக் கதைத்தலைவனாக்கி, அவன் தொழிலை உயிரினும் மேலாக அவன் கருதக்கூடும் என்று காட்டிய துணிவு இதில் உண்டு. நீர்மட்டம், ஓதம், கால்வாய் ஆகியவற்றைப் பற்றிய அறிவு இங்கே அலங்காரமாக நில்லாமல் ஒருவனுடைய மானமாகவே மாறிவிடுகிறது. கொல்ல வந்தவனும் கொடியவனல்லன்; சொன்ன சொல் ஒன்றைத் தவிர இழக்க வேறொன்றும் இல்லாதவன். இரு படகோட்டிகளும் ஒருவரையொருவர் மதிக்கிறார்கள் என்பதே இந்நாவலின் துயரம். 1975இல் மெக்குவேனே இயக்கிய திரைப்படத்தை விட நாவலின் இறுக்கமே நெஞ்சில் நிற்பது. இதன் நடையில் பகட்டு உண்டு என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. சொல் விளையாட்டில் ஆசிரியர் மயங்கும் இடங்களில் கடலே மறைந்துபோகிறது. அதனினும் பெரிய வரம்பு ஒன்றுண்டு. ஸ்கெல்டன் இத்தொழிலைத் தேர்ந்துகொண்டவன். படித்த குடும்பத்துப் பிள்ளை. அவன் பாட்டனார் ஊரில் செல்வாக்குள்ளவர். வேறு வழியின்றிக் கழி பிடித்தவனின் கதையாக இது ஆகவில்லை.

இங்கே நெய்தல் திணையை நினைவுகூர்வது பொருந்தும். மேலைநூல்களைத் தமிழளவையால் அளந்து குறை சொல்வதற்காக அன்று. கேட்க வேண்டிய வினா ஒன்றை அத்திணை கற்பிக்கிறது என்பதற்காக. நெய்தற் பாடல்களில் கடற்கரை, காதலர் ஏங்கும் இடமாக இருக்கும் அதே வேளையில் மீன் உணங்கும் இடமாகவும் உப்பு விளையும் இடமாகவும் இருக்கிறது. கருப்பொருளின்றி உரிப்பொருள் நில்லாது. தூண்டில் நூல்களில் முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் செம்மையாக அமைகின்றன. மாந்தரையும் தொழிலையும் உள்ளடக்கிய கருப்பொருளில் பாதி காணாமற்போகிறது.

அக்காணாமற்போன பாதி எங்கே கிடைக்கிறது என்று தேடினால் வியப்புத் தரும் விடை கிடைக்கிறது: அறிவியல் நூல்களில்! ஆர். ஈ. ஜோஹன்னஸ் என்னும் கடலியலறிஞர் 1981இல் ‘வர்ட்ஸ் ஆஃப் த லகூன்’ என்ற நூலை வெளியிட்டார். பலாவுத் தீவு மீனவர்க்குத் தெரிந்தவற்றை அவர்களிடமே கேட்டு எழுதிய நூல் அது. எந்த மீன் எந்தப் பிறைநாளில் எந்த வாய்க்காலில் திரளும் என்பதை ஙிராக்லாங் முதலிய முதிய மீனவர் சொல்ல, அறிஞர் மாணவராய் அமர்ந்து கேட்கிறார். பின்னர் 2001இல் அவரும் கிரிபாட்டி நாட்டவரான பீயிங் யீட்டிங்கும் தராவா உப்பங்கழியைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டனர். போன்ஃபிஷ் தராவா மக்களுக்கு உணவு மீன். ‘இகாரி’ என்பது அங்கு அதன் பெயர். முட்டையிட வேண்டி அது திரளாகக் கடலுக்குச் செல்லும் வழிகளை மீனவர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். தீவுகளை இணைக்கக் கட்டிய சாலைக்கரைகள் அவ்வழிகளை அடைத்ததும், வலைகள் பெருகியதும் சேர்ந்து, அத்திரட்சிகள் ஏறக்குறைய அழிந்த கதையை மீனவர் வாய்மொழியாகவே அவ்வாய்வு பதிவு செய்கிறது. மீனைத் தன் தத்துவத்துக்குக் குறியீடாகக் கொண்ட விருந்தினன் எழுதாத துயரம் இது.

அதே நாட்டின் கிரிட்டிமாட்டித் தீவு, பயண நூல்களில் போன்ஃபிஷ் பிடிப்போரின் சுவர்க்கமாக வருகிறது. 1957, 1958ஆம் ஆண்டுகளில் பிரிட்டனும் 1962இல் அமெரிக்காவும் அணுகுண்டுச் சோதனை நடத்திய இடம் அது என்பதை அந்நூல்கள் சில ஒரு வரியில் சொல்லி, அடுத்த வரியில் மீனின் எடைக்குச் சென்றுவிடுகின்றன. பிடித்ததை உயிரோடு விட்டுவிடுவது விருந்தினனின் அறம், நல்ல அறமே. புளோரிடாவில் அது சட்டமாகவும் உள்ளது. ஆயினும் உண்பதற்காகப் பிடிப்பவன் அறமற்றவன் என்ற தொனி அந்நூல்களில் மெல்ல நுழையும்போது திறனாய்வாளன் விழித்துக்கொள்ள வேண்டும். வால்டனே தாம் பிடித்த மீனைச் சமைக்கும் முறையை விரிவாக எழுதியவர்தாம். உண்ணுதல் இழிவென்று அம்முதல்வர் எங்கும் கருதவில்லை.

இம்மரபின் நூல்களைக் கற்பிக்கும் ஆசிரியர், அந்நூல்களுக்கு வெளியே நின்ற ஒருவரையும் மாணவர்க்கு அறிமுகப்படுத்தலாம். பகாமாவின் பிமினித் தீவைச் சேர்ந்த ஆன்சில் சாண்டர்ஸ் படகு கட்டும் தச்சர்; போன்ஃபிஷ் படகோட்டி. 1971இல் அவர் படகில் வந்த விருந்தினர் ஒருவர் 16 பவுண்டு 3 அவுன்சு எடையுள்ள மீனைப் பிடித்துப் பதிவேட்டில் இடம்பெற்றார். தூண்டில் நூல்களுக்கு அது போதுமான செய்தி. ஆனால் அதே படகில் 1964இலும் 1968இலும் மார்ட்டின் லூதர் கிங் ஏறியிருந்தார். மீன் பிடிப்பதற்காக அன்று, கண்டல் மரங்களுக்கிடையே அமைதியாக அமர்ந்து தம் உரைகளை எழுதுவதற்காக. சாண்டர்ஸ் தாமே இயற்றிய சங்கீதம் ஒன்றைக் கிங்கிடம் சொல்லிக் காட்டினார். படைப்பின் வியப்பைப் போற்றுவது அது. நீரையும் வானையும் நாள்தோறும் பார்த்திருந்த ஒருவர், மணியும் அடியும் அல்லாத சொற்களில், தம் படகிலேயே பேசினார். எதிரே அமர்ந்திருந்தவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கத் தெரிந்தவராயிருந்தார்.