கடைசி நிமிடம் யாருடையது?

விளையாட்டுப் படத்தை வசனத்தை வைத்து எடைபோடக் கூடாது. ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் முடிவெடுப்பது யார் என்று பாருங்கள். ஒடுக்கப்பட்ட இடத்திலிருந்து மேலே வரும் பெண்ணுக்கு அந்தப் படம் எவ்வளவு மரியாதை தருகிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

‘சக் தே இந்தியா’ (2007) நல்ல ஹாக்கிப் படம். ஜார்க்கண்டின் ராணியும் சொய்மொயும், சொந்த நாட்டிலேயே விருந்தாளிகளாக நடத்தப்படும் வடகிழக்குப் பெண்களும் அதில் இந்தியச் சீருடை அணிகிறார்கள். இறுதி ஆட்டம் பெனால்டிக்குப் போகிறது. கடைசி ஷாட். கோல் வாசலில் நிற்பவர் வித்யா. ஆனால் பந்து எங்கே வரும் என்று கணிப்பது களத்துக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர் கபீர் கான். வித்யா அவர் முகத்தைப் பார்த்தே தடுக்கிறார். ஒரு கோல்கீப்பர் பல வருடப் பயிற்சியால் தானே எடுக்க வேண்டிய முடிவு அது. அதைப் பயிற்சியாளரின் பழைய காயத்துக்கு மருந்தாக்கிவிட்டார்கள். எனக்கு அந்த ஆட்டத்தில் பிடித்தது, அதுவரை பந்தைத் தராமல் முரண்டு பிடித்த கோமல், பிரீத்திக்குத் தானாகத் தள்ளிவிடும் பாஸ்தான்.

நம் ஊருக்கு வந்தால், ‘இறுதிச்சுற்று’ (2016). சுதா கொங்கராவின் மதி வடசென்னையில் மீன் விற்பவள். அக்காவுக்குத் தீர்ப்பு பாதகமானதும் நடுவர்கள் மேலேயே பாய்கிறவள். அந்தப் பாய்ச்சலில்தான் பயிற்சியாளர் பிரபு ஒரு வீராங்கனையைக் காண்கிறார். மதியாக நடித்த ரித்திகா சிங் நிஜத்தில் கிக்பாக்சிங் களம் கண்டவர். அது உடம்பில் தெரிகிறது. தாடையை உள்ளிழுத்துத் தோளுக்குப் பின்னால் மறைக்கிறார். பின்காலை ஊன்றி இடுப்பைத் திருப்பித்தான் குத்து விடுகிறார். வெறுமனே கையை வீசும் நடிகைகளைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு இது பெரிய மரியாதை. மதியின் உழைப்பை நாம் நம்புவதற்குக் காரணமே அந்தக் கால்கள்தான்.

ஆனாலும் இறுதிப் போட்டியில் துவண்டு கிடப்பவள், மாஸ்டர் பிரபு அரங்குக்குள் வந்து நின்ற பிறகுதான் எழுகிறாள். அங்கே எனக்கு வருத்தம். படத்தின் சிறந்த குத்து, ஆட்டம் முடிந்த பிறகு வருகிறது. பெண்களிடம் அத்துமீறிவிட்டு வெற்றியில் பங்கு கேட்டு வரும் சங்க அதிகாரிக்கு மதி விடும் குத்து. அதை யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் சைகை காட்டவில்லை. அவள் முடிவு.

‘பிகில்’ (2019) இதற்கு நேர் எதிர். பாண்டியம்மாவின் உடலைக் கேலி செய்து ரோஷம் ஏற்றி கோல் அடிக்க வைக்கிறார் கோச். பிறகு விளக்கம் சொன்னாலும் அந்தக் கேலிக்குத் திரையரங்கில் எழுந்த சிரிப்பைத் திரும்பப் பெற முடியாது. நிஜக் களத்தில் ஒரு பயிற்சியாளர் இப்படிப் பேசினால் நாம் புகார் கொடுக்கச் சொல்வோம். திரையில் மட்டும் ஏன் கை தட்டுகிறோம்?

சினிமா இன்னும் தொடாத ஓர் ஆட்டம் இருக்கிறது. 2021 டோக்கியோ ஒலிம்பிக், ஜூலை 31. தென்னாப்பிரிக்காவை இந்தியா 4-3 என்று வென்றது. அதில் மூன்று கோல் வந்தனா கட்டாரியாவுடையது. ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். தந்தை இறந்தபோது முகாமை விட்டு ஊருக்குப் போக முடியாமல் இருந்தவர். அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி தோற்றதும், ஹரித்வார் அருகே ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள். வென்றால் தேசத்தின் மகள், தோற்றால் சாதி.

அவரைக் காப்பாற்ற அங்கே எந்த நாயகனும் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வெண்கலப் பதக்க ஆட்டம். இந்தியா 3-4 என்று பிரிட்டனிடம் தோற்றது. அந்த மூன்று கோல்களில் ஒன்றை அடித்தவர் வந்தனா. இயக்குநர்களே, அந்தக் கோலைப் படமெடுங்கள். கேமராவைப் பயிற்சியாளர் பக்கம் திருப்பாமல் எடுங்கள்.