மாட்சுவே பள்ளியில் ஒரு வெளிநாட்டு ஆசிரியர்: ஹெர்னின் நாட்குறிப்பை வாசித்தபோது



உயர்நிலை மூன்று கட்டுரைகளைத் திருத்தும்போது உங்களுக்கும் இது நடந்திருக்கும். முதல் தாளில் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டிக் கிழக்கில் எழுந்தான். இரண்டாவது தாளிலும் எழுந்தான். இன்னொரு தாளில் கதையே இரவில் நடக்கிறது, அங்கேயும் முதல் வரியில் எழுந்துவிட்டான்! "சொந்தக் கற்பனை எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். தாளை வாங்கிய மாணவி கேட்டாள்: "சார், போன வருஷம் நீங்கதானே இந்த வாக்கியத்த மனப்பாடம் பண்ணச் சொன்னீங்க?"

என்னிடம் பதில் இல்லை. அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்த கட்டுரையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். லஃப்காடியோ ஹெர்ன் 1890இல், தம் 40ஆம் வயதில், ஜப்பானின் மாட்சுவே நகருக்கு ஆங்கில ஆசிரியராகப் போனார். ஓராண்டு ஒப்பந்தம், மாதம் 100 யென் சம்பளம். ஒரு நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் பாடம் நடத்தினார். அந்த நாள்களை 'ஓர் ஆங்கில ஆசிரியரின் நாட்குறிப்பிலிருந்து' என்ற கட்டுரையாக்கி, 1894இல் வந்த தம் ஜப்பான் நூலில் சேர்த்தார்.

மதுரையிலிருந்து வந்து இங்கே தமிழ் கற்பிக்கும் எனக்கு அதன் முதல் பக்கங்கள் நன்றாகவே புரிந்தன. யாருக்கு எவ்வளவு குனிந்து வணங்குவது என்று தெரியாமல், நிஷிடா என்ற சக ஆசிரியரின் பின்னாலேயே நடக்கிறார். நானும் முதல் வருஷம் அப்படித்தான். மாணவர்கள் 'சேர்' என்று கூப்பிட்டபோது என்னைத்தான் அழைக்கிறார்கள் என்று புரிய இரண்டு நாள் ஆயிற்று.

கட்டுரையில் நமக்கு மிகவும் வேண்டிய இடம், அவர் மாணவர்களின் எழுத்தைப் பற்றிப் பேசும் இடம். ஃபுஜி மலையைப் பற்றி எழுதினால் ஒரே மாதிரி உவமை. செர்ரிப் பூ என்றாலும் அப்படியே. கையெழுத்தில்கூட ஒரு குடும்பச் சாயல் தெரிகிறதாம். இவர்களிடம் சுய கற்பனை குறைவு என்கிறார். ஆனால் சோம்பல் என்று திட்டவில்லை. அந்த உவமைகள் பல நூற்றாண்டுகளாகக் கவிஞர்களும் ஓவியர்களும் சேர்த்துவைத்த சொத்து, பிள்ளைகள் அதைக் குழந்தையிலிருந்தே பழகி வருகிறார்கள் என்று விளக்குகிறார். 130 ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய இந்த விளக்கம் என் சிவப்பு மையைவிட நியாயமானது.

ஆனாலும் எனக்கு இதில் ஒரு வழக்கு உண்டு. அவர் மதிப்பிட்டது பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதியதை. கைவசம் கொஞ்சம் சொற்களே இருக்கும்போது, தெரிந்த உவமை படிக்கட்டின் கைப்பிடி மாதிரி; விழாமல் இருக்க அதைப் பிடிக்கிறோம். ஹெர்னுக்கே ஜப்பானிய மொழி சரளமாக வரவில்லை. மனைவி செட்சுவோடு இருவருக்கு மட்டுமே புரியும் உடைந்த ஜப்பானியத்தில்தான் பேசினார். அவள் சொன்ன பழங்கதைகள் பலவற்றை அப்படிக் கேட்டுத்தான் தம் நூல்களில் எழுதினார். அந்த உடைந்த பேச்சை வைத்து யாராவது ஹெர்னின் கற்பனைக்கு மதிப்பெண் போட்டிருந்தால்? இந்தக் கேள்வி அவருக்கு எழவே இல்லை. எனக்கும் எழவில்லை, அந்த மாணவி கேட்கும்வரை.

இன்னொரு குறை: இவருடைய வகுப்பில் குறும்பு செய்பவனே இல்லை! நட்சுமே சோசெகியின் 'போட்சான்' (1906) நாவலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோக்கியோவிலிருந்து வெளியூருக்கு வேலைக்கு வரும் இளம் ஆசிரியர் நான்கு கிண்ணம் தெம்புரா நூடுல்ஸ் சாப்பிட்டதை மாணவர்கள் பார்த்துவிடுகிறார்கள். மறுநாள் கரும்பலகையில் 'தெம்புரா ஆசிரியர்'. அவர் படுக்கையில் வெட்டுக்கிளிகள் வேறு. சனிக்கிழமை தேக்காவில் பிரியாணி வாங்கும்போது பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்ட எந்த ஆசிரியருக்கும் இதுதான் உண்மையான பள்ளி. சோசெகி மாட்சுயாமாவில் ஆசிரியராக இருந்தவர், பிறகு 1903இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹெர்ன் விட்டுப்போன இடத்துக்கே வந்தவர். ஹெர்னுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது: மாணவர்களும் நம்மைப் பற்றி நாட்குறிப்பு வைத்திருக்கிறார்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களே, ஒரு பகுதியை மட்டும் நீங்கள் படித்தால் போதும் என்றால், யோகோகி என்ற மாணவன் இறக்கும் பகுதியைச் சொல்வேன். சாவதற்கு முன் பள்ளியைப் பார்க்க வேண்டும் என்கிறான். வீட்டுப் பணியாள் அவனை இரவில் முதுகில் சுமந்து போய்க் காட்டுகிறார். 'கண்ணீர் ஆறாய்ப் பெருகியது' என்று ஹெர்ன் எழுதவில்லை. முதுகில் ஒரு பையன், இருட்டில் ஒரு கட்டடம், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அந்த மாணவியிடம், முதல் பத்தியை எடுத்துவிட்டு, காலையில் நிஜமாகப் பார்த்ததை வாயால் சொல்லச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"எங்க புளோக்குக்குக் காலையில வெயில் வராது சார். எதிர் புளோக் மறைச்சிடும்."

அதை எழுத்துத் தமிழில் எழுத இரண்டு பேரும் பத்து நிமிடம் உட்கார்ந்தோம்.