75 சென்ட் கணக்கு

கிளிஃப் ஸ்டோலின் ‘தி குக்கூஸ் எக்’ (1989) புத்தகத்தை ஹேக்கரைத் துரத்தும் துப்பறியும் கதை என்று சொல்லித்தான் கையில் கொடுப்பார்கள். எனக்கென்னவோ அது அலுவலகங்களைப் பற்றிய புத்தகமாகத்தான் தெரிகிறது. தலைப்பு நமக்குப் புதிதில்லை: காக்கைக் கூட்டில் குயில் முட்டை.

1986, கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். வானியல் வேலைக்கான நிதி தீர்ந்துபோய் கணினிப் பிரிவுக்கு வந்தவர் ஸ்டோல். கணினி நேரக் கணக்கில் 75 சென்ட் இடிக்கிறது. அந்தச் சில்லறையின் பின்னால் போனால், மேற்கு ஜெர்மனியின் ஹானோவரில் உட்கார்ந்து அமெரிக்க ராணுவக் கணினிகளைத் துழாவி, கிடைத்ததை கேஜிபிக்கு விற்கிற கும்பலில் போய் நிற்கிறது.

‘இரும்புத்திரை’ ஒயிட் டெவில் மாதிரி விரல் சொடுக்கினால் ஊரே திறக்கிற ஆள் இல்லை இவன். வீடு வீடாகக் கதவைத் தள்ளிப் பார்க்கிறவன். பொறுமைசாலி. பெரும்பாலும் திறக்காது; சில இடத்தில் பூட்டே இருக்காது. கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத நிர்வாகிகள், பாஸ்வேர்டை மின்னஞ்சலில் எழுதி அனுப்பும் விஞ்ஞானிகள். இவர்கள் போதும் அவனுக்கு.

புத்தகத்தின் உயிர் தொலைபேசி உரையாடல்களில் இருக்கிறது. எஃப்பிஐக்குப் போன் போட்டால் நஷ்டம் எவ்வளவு என்பதில்தான் அக்கறை. 75 சென்ட் என்றதும் ஆர்வம் போய்விடுகிறது. சிஐஏ, என்எஸ்ஏ, விமானப்படை என்று ஒவ்வொருத்தரும் கதையைக் கேட்டுக்கொள்கிறார்கள், ஆனால் அது அவர்கள் வேலை இல்லையாம். தாலுகா ஆபீஸில் ஒரு மதியம் நின்றவர்களுக்கு இந்தப் பக்கங்களை யாரும் விளக்க வேண்டாம்.

பொறி வைக்கும் யோசனை காதலி மார்த்தாவுடையது. போலி ராணுவக் கோப்புகளை மலையாகக் குவித்து வைத்தால் அவன் படித்துக்கொண்டே லைனில் இருப்பான். ஜெர்மன் எக்ஸ்சேஞ்சில் ஒரு ஆள் எழுந்துபோய் இணைப்பைத் தேடிப் பிடிக்க நேரம் கிடைக்கும். அவ்வளவு பெரிய உளவு அமைப்புகளுக்கு நடுவே வேலைக்கு ஆனது வீட்டில் பேசிய பேச்சுதான். இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார் ஸ்டோல், அது எனக்குப் பிடித்தது.

பிடிக்காததும் உண்டு. பக்கம் பக்கமாக எதிராளி வெறும் பிரிண்டர் தாளில் ஓடும் வரிகள்தான். அந்தக் கும்பலோடு இருந்த கார்ல் கோக் 1989-இல் காட்டில் எரிந்த உடலாகக் கண்டெடுக்கப்பட்டபோது வயது 23. ஸ்டோல் புத்தகத்தில் சாக்லேட் குக்கீ செய்முறைகூட இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அந்தப் பையனைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருக்கலாம்.