கணக்கில் வராத தடுப்பு: நேட் தர்மண்டை எப்படி எடைபோடுவது?

1966-67 பருவம் முடிந்ததும் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு வாக்கெடுப்பு நடந்தது. அந்தக் காலத்தில் அதற்கு வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்களே. முதலிடம் ஃபிலடெல்ஃபியாவின் வில்ட் சேம்பர்லினுக்குப் போனது. அதில் யாருக்கும் வியப்பில்லை. அடுத்த இடத்துக்கு எல்லோருக்கும் நினைவு வரக்கூடிய பெயர் பாஸ்டனின் பில் ரஸ்ஸல். அவர் மூன்றாவதாக வந்தார். இரண்டாவதாக வந்தவர் சான்ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸ் அணியின் 25 வயது சென்டர், அதாவது வளையத்தின் அருகே ஆடும் நெடியவர், நேட் தர்மண்ட். அதே பருவத்துக்குப் பத்திரிகைக்காரர்கள் தேர்ந்தெடுத்த இரண்டு நட்சத்திர அணிகளில், மொத்தம் பத்துப் பேரில், தர்மண்டுக்கு இடமில்லை. 14 பருவங்கள் ஆடி 1977இல் ஓய்வுபெறும்வரை அந்தப் பட்டியலில் அவர் பெயர் ஒருமுறைகூட ஏறவில்லை.

இதற்கு எளிய விளக்கம் ஒன்று உண்டு. சென்டர்களுக்கான இடங்கள் வில்ட்டுக்கும் ரஸ்ஸலுக்கும் போய்விட்டன. பின்னர் வில்லிஸ் ரீட், கரீம் அப்துல்-ஜப்பார், டேவ் கவன்ஸ் என்று வரிசையாக வந்தார்கள். கூட்டம் அதிகமான காலத்தில் பிறந்தது அவர் விதி. விளக்கம் சரிதான், ஆனால் பாதிதான். களத்தில் அவர் உடம்போடு உரசி ஆடியவர்கள் அவரை லீகின் இரண்டாவது ஆள் என்று கண்டார்கள். பார்த்து எழுதியவர்களுக்கு அது தென்படவில்லை. தர்மண்டின் பெரும்பங்கு தடுப்பாட்டத்தில் இருந்தது. தடுப்பாட்டத்தை அளக்க அன்று கோலே இல்லை. இன்று இருக்கும் கோலும் முழுமையானதல்ல.

ஓஹாயோ மாநிலம் ஏக்ரனில் 1941இல் பிறந்தவர் தர்மண்ட். பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் ஆடி, 1963இல் வாரியர்ஸ் அணிக்கு வந்தார். உயரம் 6 அடி 11 அங்குலம். அங்கே ஏற்கெனவே வில்ட் இருந்தார். முதல் பருவத்தில் தர்மண்ட் அவருக்குப் பக்கத்திலேயே ஃபார்வர்டாக ஆட வேண்டியிருந்தது. 1965 ஜனவரியில் வாரியர்ஸ் வில்ட்டை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பியது. ஒரு பருவத்தில் சராசரியாக ஆட்டத்துக்கு 50 புள்ளி குவித்த மனிதரை ஓர் அணி விட்டுக்கொடுக்கத் துணிந்ததற்கு, அந்த இடத்தை நிரப்ப இளைஞர் ஒருவர் தயாராக இருந்ததும் ஒரு காரணம்.

அவருடைய தடுப்பின் நுட்பத்தைப் புரிந்துகொள்ள 1973 பிளே-ஆஃப் தொடரை எடுத்துக்கொள்ளலாம். மில்வாக்கி பக்ஸ் அந்தப் பருவத்தில் 60 ஆட்டங்களை வென்ற அணி. வாரியர்ஸ் வென்றது 47. பக்ஸின் நடுநாயகம் கரீம். உயரம் 7 அடி 2 அங்குலம். அவருடைய ‘ஸ்கை ஹூக்’ எறிதலை நேருக்கு நேர் நின்று தடுப்பது மிகக் கடினம். எறிபவரின் உடம்பு முழுக்கப் பந்துக்கும் தடுப்பவருக்கும் நடுவே இருக்கும். வலக்கை தலைக்கு மேல் நீண்டு உச்சியில் பந்தை விடும். மூன்று அங்குலம் குறைவான ஒருவர் எவ்வளவு எம்பினாலும் அது எட்டாது.

எட்டாத பந்துக்கு எம்புவதில் பயனில்லை என்பதை அறிந்திருந்ததுதான் தர்மண்டின் முதல் பலம். அவருடைய வேலை பந்து வருவதற்கு முன்பே தொடங்கிவிடும். கரீம் ஓடிவந்து தனக்குப் பிடித்த இடத்தில் கால் ஊன்றப் பார்ப்பார். தர்மண்ட் அங்கே முன்னதாகவே நின்று, முன்கையை அவர் இடுப்பில் வைத்து, முழங்காலை மடக்கித் தன் எடையைக் கீழிருந்து கொடுப்பார். கூடைக்கு முன்னால் தாக்குபவர் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாத ‘மூன்று விநாடிப் பகுதி’ 1964-65 பருவத்தில்தான் 12 அடியிலிருந்து 16 அடியாக அகலப்படுத்தப்பட்டிருந்தது. அதனால் உள்ளே நிலைகொண்டு காத்திருப்பது சென்டர்களுக்கு எளிதாக இல்லை. இடத்துக்காகத் தள்ளுமுள்ளு நடக்கும். கரீமுக்குக் கிடைக்கும் இடம் வழக்கத்தைவிட ஓரடி வெளியே இருக்கும். அந்த ஓரடி வெளியிலிருந்து போகும் ஹூக் பார்வைக்கு அதே ஹூக்தான். ஆனால் விழும் விகிதம் வேறு. பந்து கைக்கு வந்தபின் தோளை அசைத்துப் போக்குக் காட்டினால் தர்மண்ட் அதற்கெல்லாம் எம்பமாட்டார். தரையில் கால் பதித்து நின்று, எறியும் கணத்தில் மட்டும் கையை நீட்டுவார். ஆட்டம் நெடுக இப்படி நெருக்கினால், நாலாவது கால்பகுதியில் எதிராளியின் கால்களில் தெம்பு குறையும்.

கணக்கு என்ன சொல்கிறது? அந்தப் பருவத்தில் கரீமின் சராசரி ஆட்டத்துக்கு 30.2 புள்ளி, எறிந்ததில் கூடையில் விழுந்தது 55.4 விழுக்காடு. வாரியர்ஸுக்கு எதிரான ஆறு ஆட்டங்களில் 22.8 புள்ளி, 42.8 விழுக்காடு. வாரியர்ஸ் 4-2 என்று தொடரை வென்றது. அந்த ஆறு ஆட்டங்களில் தர்மண்ட் எத்தனை பந்துகளைத் தட்டிவிட்டார் என்பதற்கு அதிகாரபூர்வக் கணக்கே இல்லை. எறிதலைத் தட்டிவிடும் பிளாக்கும் பந்தைப் பறிக்கும் ஸ்டீலும் அதற்கு அடுத்த பருவத்திலிருந்துதான் பதிவாகத் தொடங்கின. இருந்திருந்தாலும் கதை முழுமையாக வந்திருக்காது. தட்டிவிட்ட பந்துக்கு ஓர் எண் கிடைக்கும்; இடம் தவறி எறிய நேர்ந்த பந்து, எறியத் தயங்கித் திருப்பிக் கொடுத்த பந்து, இவற்றுக்கு எந்தக் கட்டமும் இல்லை. கிரிக்கெட்டில் ஒரு முனையை ரன் கொடுக்காமல் இறுக்கிப் பிடிக்கும் பந்துவீச்சாளரால் மறுமுனையில் விக்கெட் விழும். ஸ்கோர்கார்டில் பெயர் மறுமுனைக்காரருக்கு. தர்மண்டின் நிலை அதுதான்.

எண்ணிப் பதிவதில் உள்ள இந்தக் கோளாறு ஒரு விசித்திரத்தையும் உண்டாக்கியது. இன்று தர்மண்டின் பெயர் அதிகம் சொல்லப்படுவது ஒரே ஓர் இரவுக்காக. 1974 அக்டோபர் 18 அன்று சிகாகோ புல்ஸ் அணிக்காக அவர் ஆடிய முதல் ஆட்டத்தில், அட்லாண்டாவுக்கு எதிராக 22 புள்ளி, 14 ரீபவுண்ட் (குறி தவறிய பந்தைக் கைப்பற்றுதல்), 13 அசிஸ்ட் (கூடையில் விழும் எறிதலுக்குப் பந்தைக் கொடுத்தல்), 12 பிளாக் எடுத்தார். நான்கு வகையிலும் இரட்டை இலக்கம். அதிகாரபூர்வமாகப் பதிவான முதல் ‘குவாட்ரபிள்-டபுள்’. அதன்பின் இதுவரை அதைச் செய்தவர்கள் மூவர் மட்டுமே. சாதனை பெரியதுதான். ஆனால் அப்போது அவருக்கு வயது 33. முழங்கால் தளர்ந்திருந்தது. அந்தப் பருவத்தில் அவர் எடுத்த புள்ளிகளின் சராசரி எட்டைக்கூடத் தொடவில்லை. உச்சத்தில் இருந்தபோது கணக்கு இல்லை. கணக்கு வந்தபோது உச்சம் போய்விட்டது. அளவுகோலுக்குள் தற்செயலாக விழுந்த ஓர் இரவை வைத்து, அளவுகோலுக்கு வெளியே போன பத்தாண்டுகளை நாம் மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரி, எண்களை விட்டுவிட்டுச் சாட்சியங்களை நம்பலாமா? தன்னைத் தடுத்தவர்களில் மிகக் கடினமானவர் தர்மண்டே என்று கரீம் சொல்லியிருக்கிறார். ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்களின் வாக்கு எப்படி இருந்தது என்பதை 1967இல் பார்த்தோம். பயிற்சியாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சிறந்த தடுப்பாட்ட அணி 1968-69இல் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே முதல் அணியில் ரஸ்ஸலோடு தர்மண்டும் இருந்தார், 1971இல் மறுபடியும். அடுத்த மூன்று ஆண்டுகள் இரண்டாம் அணியில். களத்துக்குள்ளும் பெஞ்சிலும் இருந்தவர்களின் தீர்ப்பு இப்படி ஒரே திசையில் போவதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் சாட்சியத்துக்கும் ஊனம் உண்டு. பழைய வீரர்கள் ஒருவரையொருவர் பாராட்டும்போது நட்பும் நினைவும் கலந்துவிடும். ‘எங்கள் காலத்தில் தடுப்பு என்றால் தடுப்பு’ என்ற பேச்சில், ஆளைக் கையால் பிடித்து நிறுத்த அன்றைய நடுவர்கள் அனுமதித்தார்கள் என்ற உண்மை மறைந்துபோகும். 1960களின் ஆட்டங்களில் முழுமையாகப் படமாகி எஞ்சியவை சொற்பம்; சரிபார்க்க வழி குறைவு. அந்தக் காலத்து ரீபவுண்ட் எண்களையும் அப்படியே விழுங்கக் கூடாது. தர்மண்ட் 1967-68இல் ஆட்டத்துக்கு 22 ரீபவுண்ட் எடுத்தார். 1965இல் டெட்ராய்ட்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 42. அன்றைய ஆட்டத்தின் வேகம் அதிகம், குறி தவறியவையும் அதிகம். ஒவ்வோர் அணியும் ஓர் ஆட்டத்தில் 60க்கும் மேற்பட்ட ரீபவுண்ட் எடுத்தது. இன்றைய எண்களோடு நேராக ஒப்பிட்டால் கணக்கு தப்பும். காலத்துக்கு ஏற்பக் கழித்துப் பார்த்தாலும் 42 சிறுத்துவிடாது என்பது வேறு விஷயம். ஓர் ஆட்டத்தில் 40ஐத் தொட்டவர்கள் லீகின் வரலாற்றிலேயே நால்வர்தான்.

அவருடைய ஆட்டத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, தாக்குதலில் அவர் அணிக்குக் கொடுத்ததைவிட வீணாக்கியது அதிகம். வாழ்நாள் முழுக்க அவர் எறிந்ததில் விழுந்தது 42.1 விழுக்காடு. வளையத்தின் அருகிலேயே நிற்கும் சென்டருக்கு, அந்தக் காலத்து அளவிலும் அது குறைவு. 1967 இறுதித் தொடரில் வில்ட்டின் எதிரில் நின்று ஆட்டத்துக்கு 26க்கும் மேல் ரீபவுண்ட் எடுத்தவர், தான் எறிந்த பந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றைத்தான் கூடையில் போட்டார். வாரியர்ஸ் 4-2 என்று தோற்றது. ஒரு முனையில் காத்த புள்ளிகளில் ஒரு பங்கை மறுமுனையில் அவரே கரைத்தார். இந்தக் கழித்தலைச் செய்யாமல் அவரை வில்ட்டுக்கும் கரீமுக்கும் சமமாக வைப்பது பாசமாகுமே தவிரத் திறனாய்வாகாது.

இரண்டாவது, உடல். இப்படி ஆட்டத்துக்கு ஆட்டம் எடை கொடுத்துத் தள்ளி ஆடுபவரின் முழங்கால் அதற்கு விலை கொடுக்கும். 1967-68இல் 51 ஆட்டங்கள், 1969-70இல் 43 ஆட்டங்கள் மட்டுமே அவரால் ஆட முடிந்தது. களத்தில் இல்லாத தடுப்பாளர் எவரையும் தடுப்பதில்லை.

மூன்றாவது குறையே ஆழமானது. அது தர்மண்டைவிட அவர் கையாண்ட முறையைச் சேர்ந்தது. ஒருவர் ஒருவரைத் தடுக்கும் கலையின் உச்சம் அவர். ஆளைக் காக்காமல் இடத்தைக் காக்கும் ‘சோன்’ தடுப்பு 2001 வரை என்.பி.ஏ.வில் சட்டவிரோதம், ஆகவே சென்டரைச் சென்டர் தனியே சமாளித்தாக வேண்டிய காலத்தில் அந்தக் கலைக்குப் பெருமதிப்பு இருந்தது. அதற்கு ஓர் எல்லையும் இருந்தது. 1971லும் 1972லும் இதே பக்ஸை இதே வாரியர்ஸ் பிளே-ஆஃபில் சந்தித்தது. இரண்டு முறையும் 4-1 என்று தோற்றது. கரீமை மடக்கினாலும் ஆஸ்கர் ராபர்ட்சனும் மற்றவர்களும் இருந்தார்கள். 1973லும் பக்ஸை வீழ்த்திய கையோடு, அடுத்த சுற்றில் லேக்கர்ஸிடம் 4-1 என்று வாரியர்ஸ் விழுந்தது. ரஸ்ஸலின் தடுப்பு வேறு வகை. தன் ஆளை விட்டுப் பாய்ந்து அடுத்தவரின் எறிதலைத் தட்டி, தட்டிய பந்தைக் களத்துக்குள்ளேயே வைத்து, அதையே எதிர்த்தாக்குதலாக மாற்றினார். அவர் பின்னால் இருக்கிறார் என்ற தைரியத்தில் அணியின் மற்ற நால்வரும் முன்னேறி நெருக்கினார்கள். ரஸ்ஸல் அணியின் தடுப்பையே வடிவமைத்தார். தர்மண்ட் எதிரணியின் மிகப் பெரிய ஆளைக் குறைத்தார். இரண்டும் பெரிய வேலைகள். ரஸ்ஸலின் பதினோரு கோப்பைகள் முதலாவதோடு சேர்ந்துபோனது தற்செயலென்று சொல்லிவிட முடியாது.

இதன் கசப்பான உதாரணம் 1974இல் நடந்தது. வாரியர்ஸ் தர்மண்டைச் சிகாகோவுக்குக் கொடுத்து, கிளிஃபர்ட் ரே என்ற இளைய சென்டரையும் கூடவே பணமும் புதிய ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வாய்ப்பும் வாங்கியது. ரே நட்சத்திரம் அல்லர். ஆனால் 1975இல் வாரியர்ஸ் இறுதித் தொடரை 4-0 என்று வென்று சாம்பியன் ஆனது. பதினொரு பருவம் உழைத்தவர் போன மறு ஆண்டே கோப்பை வந்தது. இதை வைத்து அவர் சுமையாக இருந்தார் என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அது அவசரத் தீர்ப்பு. போனது 33 வயதான, முழங்கால் தேய்ந்த தர்மண்ட். 1967இன் தர்மண்ட் அல்ல. அந்த அணியைச் சுமந்தவர் ரிக் பேரி. ஆனாலும் தனி ஆளின் தடுப்பு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதைச் சுற்றி ஓர் அணி அமையாவிட்டால் கோப்பை கைகூடாது என்ற பாடம் அதில் இருக்கிறது.

மறுபக்கத்துக்கு 1976 இருக்கிறது. பருவத் தொடக்கத்தில் தடுமாறிக்கொண்டிருந்த கிளீவ்லேண்ட் கவலியர்ஸ், 34 வயது தர்மண்டைச் சிகாகோவிலிருந்து கொண்டுவந்தது. அவருக்குக் கிடைத்தது மாற்று ஆளாகச் சில நிமிடங்கள்தான். அந்த அணி 49 வெற்றியோடு முடித்து, வாஷிங்டனை ஏழு ஆட்டத் தொடரில் வென்றது. பாஸ்டனுடனான தொடருக்கு முன் முதன்மைச் சென்டர் ஜிம் சோன்ஸின் கால் எலும்பு முறிந்தது. கவன்ஸைச் சமாளிக்கும் பொறுப்பு முதியவர் தலையில் விழுந்தது. தொடர் 4-2 என்று பாஸ்டனுக்குப் போனது. ஆனால் அவ்வாண்டின் சாம்பியனை ஆறு ஆட்டம்வரை இழுத்தார்கள்.

ஆக, தீர்ப்பு என்ன? முழு ஆட்டக்காரராக எடைபோட்டால் தர்மண்ட் தன் காலத்தின் முதல் மூன்று சென்டர்களுக்குப் பின்னால்தான் வருவார். எறிதலின் பலவீனம் அவரை அங்கே நிறுத்துகிறது. அணித் தடுப்பில் ரஸ்ஸலுக்குக் கீழே. ஆனால் ஒரு பெரிய சென்டரைத் தன்னந்தனியாக நின்று தடுப்பது என்ற ஒரே அளவில் பார்த்தால், அவருக்கு மேலே எவரையும் வைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. 1985இல் ஹால் ஆஃப் ஃபேமும், 1996இல் சிறந்த 50 பேர் பட்டியலும் அவருக்கு வாசல் திறந்தன. 2016இல் அவர் காலமானார். மரியாதை கிடைக்கவில்லை என்று இனி முறையிட முடியாது. மரியாதைக்கான காரணத்தைத்தான் இன்னும் தவறாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்: குவாட்ரபிள்-டபுள் என்று தொடங்கி, அதோடு முடித்துவிடுகிறோம். தடுப்பாளரின் தகுதியை அவர் பெயருக்கு எதிரே உள்ள எண்களில் தேடக் கூடாது. அவர் எதிரில் நின்றவரின் பெயருக்கு எதிரே, வழக்கத்தைவிட எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். பிளாக் கணக்கு இல்லாத காலத்திலும் எதிராளியின் புள்ளிகளும் எறிதல் விகிதமும் பதிவாகியிருந்தன. அவற்றைத் தொடர் தொடராக எடுத்து ஒப்பிட்டால், தர்மண்டைப் போல இன்னும் எத்தனை பேர் வெளியே வருவார்கள் என்பதைப் பார்க்கலாம்.