குழுவைக் கேட்டால் பாதிப் பட்டியல்

கெடாவின் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. ரப்பரும் செம்பனையும் நின்ற வட்டாரத்தில் இன்று இன்டெல், இன்ஃபினியோன் சில்லு ஆலைகள் இயங்குகின்றன. சில்லு வடிவமைப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுபவை. அத்தகைய கணினிகளில் ஒரு திட்டத்தின் கோப்பை யார் திறக்கலாம், யார் திருத்தலாம் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பயனர் சேர்ந்திருக்கும் குழு. அந்தக் குழுவைப் பற்றி இயங்குதளத்திடம் விசாரிக்கும் வேலையைச் சி நூலகத்தின் சில பழைய செயற்கூறுகள் செய்கின்றன. பெயரைக் கொடுத்துக் கேட்க கெட்ஜிஆர்நேம், எண்ணைக் கொடுத்துக் கேட்க கெட்ஜிஆர்ஜிஐடி, வரிசையாக எல்லாவற்றையும் படிக்க கெட்ஜிஆர்என்ட்.

மூன்றும் 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தவை. அப்போது குழு விவரம் ஒரே ஓர் உரைக்கோப்பில் இருந்தது. இன்றும் அந்தக் கோப்பு அதே வடிவில்தான் இருக்கிறது. வரிக்கு ஒரு குழு: பெயர், கடவுச்சொல், எண், உறுப்பினர்கள். நான்குக்கும் நடுவே முக்காற்புள்ளி, உறுப்பினர்களுக்கு நடுவே காற்புள்ளி.

இந்தச் செயற்கூறுகளின் பெரிய பலம், விடை எங்கிருந்து வருகிறது என்பதை நிரலுக்குச் சொல்லாமல் மறைப்பது. எந்த மூலத்தில் முதலில் தேட வேண்டும், அங்கே கிடைக்காவிட்டால் எங்கே போக வேண்டும் என்பதைத் தனியாக ஓர் அமைப்புக் கோப்பில் எழுதி வைக்கும் ஏற்பாட்டைச் சன் நிறுவனம் சோலாரிஸில் கொண்டுவந்தது. குனு சி நூலகமும் அதையே பின்பற்றியது. விளைவு வியப்பானது. வெறும் உரைக்கோப்பை மனத்தில் வைத்து எண்பதுகளில் எழுதிய நிரல், இன்று ஆயிரக்கணக்கானோரை வைத்திருக்கும் எல்டாப் என்ற அடைவுச் சேவையகத்திடம் விடை வாங்கிவிடுகிறது. நிரலில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியதில்லை.

நூலகத்தைச் சுற்றிக்கொண்டு போனால் இந்தப் பலம் கைநழுவும். கோ மொழியில் சி இணைப்பின்றித் தொகுத்த நிரல் உரைக்கோப்பை மட்டுமே படிக்கும், எல்டாபில் இருப்பவர்களை அதற்குத் தெரியாது. ஒரே கணினியில் இரண்டு நிரல்கள் ஒரே கேள்விக்கு வேறு வேறு விடை சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குறைகளில் அதிகம் ஏசப்படுவது நிலையான நினைவிடம். கெட்ஜிஆர்நேம் தரும் விடை நூலகத்துக்குச் சொந்தமான இடத்தில் இருக்கிறது. அடுத்த அழைப்பு அதன்மேல் எழுதிவிடலாம். இரண்டு குழுக்களை ஒப்பிட நினைத்து அடுத்தடுத்து அழைப்பவர், இரண்டாவது குழுவை அதனோடேயே ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். பல இழைகளில் ஓடும் நிரலில் கேட்கவே வேண்டாம். இதற்கு மாற்றாக வந்த, பெயரின் கடைசியில் 'ஆர்' ஒட்டிய வடிவங்கள் நினைவிடத்தை அழைப்பவரே தரச் சொல்கின்றன. எவ்வளவு தர வேண்டும்? கேட்டால் குனு சி நூலகம் 1024 பைட் என்று பரிந்துரைக்கும். 64 பிட் கணினியில் எட்டெழுத்துப் பயனர் பெயர் ஒன்றுக்கு, முடிவுக்குறியையும் சுட்டியையும் சேர்த்து, 17 பைட் ஆகிறது. ஆக அறுபது பேர் சேர்வதற்குள் இடம் தீர்ந்து, 'போதவில்லை' என்ற பிழை திரும்பும். நிரல் எழுதுபவர் இடத்தை இரட்டிப்பாக்கி மறுபடி கேட்க வேண்டும். சிறு கணினியில் சோதித்துவிட்டுப் பெரிய நிறுவனத்தில் நிறுவும் நிரல்கள் இடறுவது இங்கேதான். அலுப்பான குறைதான், ஆனால் தெரிந்த குறை, கைப்புத்தகத்தில் எழுதியிருக்கிறது. 'அப்படி ஒரு குழு இல்லை' என்பதற்கும் 'தேடும்போது கோளாறு' என்பதற்கும் பழைய வடிவங்கள் ஒரே வெற்றுச் சுட்டியைத் தருவதையும் இந்த வகையில் சேர்க்கலாம்.

மன்னிக்கக் கடினமானது உறுப்பினர் பட்டியல்தான்.

சுங்கை பட்டாணியில் ஒரு கல்லூரிக் கணினிக்கூடத்தை எண்ணிக்கொள்வோம். முந்நூறு மாணவர்களுக்கும் முதன்மைக் குழு 'மாணவர்'. நிர்வாகி கெட்ஜிஆர்நேமிடம் அந்தக் குழுவைக் கேட்கிறார். குழுவின் பெயர் வருகிறது, எண் வருகிறது. உறுப்பினர் பட்டியல் காலி. இது பிழையல்ல, வடிவமைப்பே இப்படி. முதன்மைக் குழு எது என்பது குழுக் கோப்பில் பதிவாவதில்லை, பயனர் கோப்பில் ஒவ்வொருவர் வரியிலும் ஓர் எண்ணாக நிற்கிறது. குழுக் கோப்பில் இருப்பது கூடுதலாகச் சேர்க்கப்பட்டவர்களின் பெயர்கள் மட்டும். முழு விடை வேண்டுமானால் பயனர் பட்டியல் முழுவதையும் படித்து எண்ணைப் பொருத்திப் பார்க்க வேண்டும். அதற்கும் ஒரு தடை: எல்டாபோடு இணைக்கப் பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்எஸ்டி, எல்லாப் பயனர்களையும் வரிசையாகப் படிக்கும் வசதியை இயல்பிலேயே அணைத்து வைத்திருக்கிறது. பெரிய சேவையகத்தின் சுமையைக் குறைக்க அது நியாயமான முடிவு. ஆனால் 'இந்தக் குழுவில் யார் யார்?' என்ற சாதாரணக் கேள்விக்கு அரைகுறை விடை, எந்த எச்சரிக்கையும் இன்றி, முழு விடைபோல வந்து நிற்கிறது. பாதுகாப்புத் தணிக்கை செய்பவர் இதை நம்பிக் கையெழுத்திட்டால் என்ன ஆகும்?

நேரத்திலும் இதே கோளாறு உண்டு. தோட்டத்தில் காலைப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிட்டு ஆளைப் பிரித்துவிட்டால், பிறகு அலுவலகத்தில் செக்ரோலைத் திருத்தினாலும் அன்றைய வேலைக்காட்டில் நிற்பவருக்கு அது எட்டாது. லினக்ஸும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. பயனர் உள்நுழையும்போது அவருடைய குழுக்கள் அவர் இயக்கும் செயல்முறைகளோடு ஒட்டிக்கொள்கின்றன. மதியம் ஒருவரைத் திட்டக் குழுவிலிருந்து நீக்கினால் கெட்ஜிஆர்நேம் புதிய நிலையைக் காட்டும். காலையில் தொடங்கிய அவருடைய அமர்வு பழைய அனுமதியோடு கோப்புகளைத் திறந்துகொண்டே இருக்கும். நூலகம் சொல்வது பதிவேட்டை. கெர்னல் பார்ப்பது ஒட்டிய சீட்டை.

எண்ணிக்கையிலும் சிக்கல் வருகிறது. ஒரே நேரத்தில் பல குழுக்களில் இருக்கும் வசதி 1983இல் 4.2 பிஎஸ்டியோடு வந்தது. லினக்ஸ் இன்று ஒரு செயல்முறைக்கு 65,536 குழுக்கள் வரை ஏற்கிறது. ஆனால் கோப்புகளை வலைவழி பகிரும் என்எஃப்எஸ்ஸின் வழக்கமான அடையாள முறை கூடுதல் குழுக்களில் 16ஐ மட்டுமே சுமக்கும். திட்டத்துக்கு ஒரு குழு என்று அடுக்கும் நிறுவனத்தில் பதினேழாவது குழுவின் கோப்பு திறக்காமல் போகும், நூலகமோ அவர் உறுப்பினர்தான் என்று அடித்துச் சொல்லும். சேவையகமே குழுக்களைத் தேடிக்கொள்ளுமாறு அமைத்தால் இது தீரும்.

மூலத்தை மறைத்தது இவ்வளவு காலம் இந்தச் செயற்கூறுகளைக் காப்பாற்றியது. விடையின் எல்லையையும் சேர்த்து மறைத்ததுதான் தவறு. பட்டியல் முழுமையா இல்லையா என்று சொல்ல ஒரு குறியீடு அவை தரும் விடையின் கட்டமைப்பில் இருந்திருந்தால் பாதிக் குழப்பம் தவிர்ந்திருக்கும். இப்போது அதைச் சேர்க்க முனைந்தால் தொகுத்து வைத்த பழைய நிரல்கள் உடையும், அதனால் சேர்க்கமாட்டார்கள்.

சுங்கை பட்டாணி நிர்வாகிக்கு நடைமுறையில் உதவுவது கேள்வியைத் திருப்பிப் போடுவது. குழுவிடம் உறுப்பினர்களைக் கேட்காமல், கல்லூரி அலுவலகத்தின் சேர்க்கைப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பயனரிடமும் அவருடைய குழுக்களைக் கேட்க வேண்டும். பிஎஸ்டி வழி வந்த கெட்குரூப்லிஸ்ட் இதைச் செய்கிறது. முதன்மைக் குழுவையும் சேர்த்தே தருகிறது. முனையத்தில் 'ஐடி' கட்டளையும் பயனர் பெயரும் போதும். முந்நூறு பெயர்களுக்குச் சின்ன நிரல் ஒன்று எழுதிக்கொள்ளலாம். குழுவிலிருந்து நீக்கப்பட்டவர் இன்னும் உள்ளே இருந்தால் அவருடைய அமர்வைத் தனியாக மூட வேண்டும். பின்னணியில் அவர் விட்டுச்சென்ற வேலைகளையும் சேர்த்து.