அகராதியில் ஒரு பறை

ஆங்கிலத்தில் தமிழ் தேடுவது நமக்குப் பிடித்த பொழுதுபோக்கு. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆச்சு, சுருட்டு 'செரூட்' ஆச்சு என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வோம். அந்தப் பட்டியலில் ஒரு வார்த்தையை மட்டும் சத்தமில்லாமல் தாண்டிவிடுவோம். 'பரையா'.

பறை அடிப்பவர் என்பதுதான் வேர் என்கின்றன ஆங்கில அகராதிகள். புறநானூற்றில் அது ஒரு குடியின் பெயர். 17-ம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனபோது சாதிப் பெயர். 19-ம் நூற்றாண்டில் 'ஒதுக்கப்பட்டவன்' என்று பொது அர்த்தம் வந்துவிட்டது. தெருநாய் 'பரையா டாக்'. பருந்துகூட 'பரையா கைட்'. உலகம் ஒதுக்கிவைத்த நாடு இன்றைக்கும் 'பரையா ஸ்டேட்'. நம்ம ஊர் ஆங்கிலப் பேப்பர்களும் கூசாமல் எழுதுகின்றன. மதுரை டவுன் ஹால் ரோட்டில் அந்தச் சாதிப் பெயரைச் சொல்லி வேற்றுச் சாதிக்காரர் ஒருவர் திட்டினால், 1989-ம் வருஷ வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி கேஸ். ஆங்கிலத்தில் எழுதினால் ஸ்டைல்!

வெள்ளைக்காரனைத் திட்டி என்ன பிரயோஜனம்? அவன் இங்கே பார்த்ததைத்தான் எழுதிக்கொண்டு போனான். வாத்தியத்தை விட்டுவிட்டு, அதை வாசித்தவரை ஊருக்கு வெளியே நிறுத்தின நம் புத்தியை வார்த்தையாக்கிவிட்டான்.

அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பறை இசைக்காகப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பறைக்கு டெல்லிவரை மரியாதை. நாமும் கொஞ்சம் செய்யலாமே? அடுத்த தடவை கை 'பரையா' என்று எழுதப் போனால், 'அவுட்காஸ்ட்' என்று போட்டுப் பாருங்கள். அர்த்தம் ஒன்றும் குறையாது.